மரம் என்று வாசிக்கும் நாள்: குழந்தைக்கு வீட்டிலேயே தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு நான்கரை வயதிலேயே அ முதல் ஔ வரை மனப்பாடம். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் பார்த்து க, ங, ச வரிசையையும் ராகம் போட்டுப் பாடுவாள். ஒருநாள் ‘மரம்’ என்று எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, “ம… ர… இம்” என்றாள். “சேர்த்துச் சொல்லும்மா” என்றேன். “மரஇம்” என்றாள். ஜன்னலுக்கு வெளியே தினமும் பார்க்கிற அதே மரம்தான் இது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எழுத்து தெரிவது வேறு, வாசிப்பது வேறு என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வழியில் தொடங்கினோம். அவளுக்குப் பிறகு அவள் தம்பிக்கும், உறவில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அதே வழி கைகொடுத்தது. அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

247 என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கூட்டினால் 247. ஆனால் குழந்தை 247 வடிவங்களைத் தனித்தனியாக மனத்தில் ஏற்ற வேண்டியதில்லை. அடிப்படை வடிவங்கள் முப்பதுக்குச் சற்று மேல். அவற்றோடு சேரும் குறிகள் பதினொன்று. அப்புறம் ஒரு புள்ளி. உகர, ஊகார வரிசைகள்தான் கொஞ்சம் அடம்பிடிக்கும். ஙௌ, ஞௌ போன்ற எழுத்துகளை வாழ்நாள் முழுக்க எந்தப் புத்தகத்திலும் சந்திக்காமலேயே இருந்துவிடலாம்.

எழுத்து அட்டவணை, மொழியின் ஒழுங்கைக் காட்டும் அருமையான ஏற்பாடு. குழந்தை ஓரளவு வாசிக்கத் தொடங்கிய பிறகு அதைக் காட்டினால், “அட, எல்லாம் வரிசையா இருக்கே!” என்று அதுவே வியக்கும். முதல் நாளே அதில் தொடங்கினால், பல மாதம் போனாலும் ஒரு சொல்கூட வாசிக்கக் கிடைக்காது. நான் கடைப்பிடித்த விதி ஒன்றுதான்: நான்கு எழுத்து தெரிந்த அன்றே குழந்தை ஒரு சொல்லை வாசித்துவிட வேண்டும்.

கூடவே இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழைப் போலவே உயிர்மெய் அமைப்புள்ள கன்னடத்தைக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுவதும் கைவர ஆரம்பப் பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று 2007-ல் எழுதினார். ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் ஓர் ஆண்டில் பழகிவிடுவதோடு இதை ஒப்பிட்டு, “இன்னும் வரலையே” என்று குழந்தையை நெருக்கக் கூடாது.

எப்போது, எவ்வளவு நேரம்

“இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்கத் தொடங்கினாலோ, தெரிந்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் நடித்தாலோ நேரம் வந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வயதுக்குள் இது நடக்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்பதைவிடத் தினமும் பத்து நிமிடம் பல மடங்கு பயன் தரும். குழந்தை நெளியத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்துங்கள். “இன்னும் ஒண்ணு” என்று அது கேட்கும்போது நிறுத்துவது இன்னும் நல்லது.

எழுதப் பழக்குவதை இதோடு பிணைக்காதீர்கள். பென்சில் பிடிக்கும் விரல்கள் கண்ணைவிட மெதுவாகத்தான் தேறும். ‘ஐ’ எழுத வராத குழந்தை ‘ஐ’ வாசிக்கலாம். வடிவம் மனத்தில் பதிய, உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினால் போதும்.

முதல் படி: காது

எழுத்தைக் காட்டுவதற்கு முன், சொல் என்பது துண்டுகளால் ஆனது என்று குழந்தையின் காதுக்குத் தெரிய வேண்டும். பெரியவர்களுக்கு இது சொல்லத் தேவையே இல்லாத விஷயம். குழந்தைக்கோ ‘யானை’ என்றால் ஒரு பெரிய மிருகம். அதில் ‘யா’, ‘னை’ என்று இரண்டு ஒலி இருப்பது ஒரு கண்டுபிடிப்பு.

இதற்குப் புத்தகம் வேண்டாம், உட்காரவும் வேண்டாம். நடந்து போகும்போது, குளிப்பாட்டும்போது விளையாடலாம். பெயர்களைக் கைதட்டிச் சொல்லுங்கள்: யா-னை, கத்-த-ரிக்-கோல். “ம-வில் தொடங்குகிற ஏதாவது சொல்லு” என்று மாறி மாறிக் கேளுங்கள். பிறகு கடினமான விளையாட்டு: “பட்டம், அதுல ‘ப’வை எடுத்துட்டா என்ன மிச்சம்?” ‘ட்டம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் குழந்தை, வாசிப்பின் வாசலுக்கு வந்துவிட்டது. ‘க’ என்பது க் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்தது என்ற நுட்பம் இப்போது வேண்டாம். தமிழ்க் குழந்தைக்கு முதலில் பிடிபடுவது முழு எழுத்தின் ஒலிதான். அதற்குள் இருக்கும் இரண்டு ஒலிகள் பிறகு, குறிகளைக் கற்கும்போது தாமாகத் தெளியும்.

இரண்டாம் படி: புத்தகத் தமிழைக் காதில் ஏற்றுங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. நம் குழந்தை வீட்டில் கேட்பது “தல வலிக்குது”, “அவன் வந்துட்டான்”. புத்தகத்தில் இருப்பது “தலை வலிக்கிறது”, “அவன் வந்துவிட்டான்”. குழந்தை ஒவ்வொரு எழுத்தையும் சரியாகக் கூட்டி ‘வந்துவிட்டான்’ என்று வாசித்துவிட்டு, அந்தச் சொல்லை முன்பின் கேட்டதே இல்லாததால் விழிக்கும். எழுத்தில் எந்தக் குறையும் இல்லை. காதுக்கு அந்தத் தமிழ் அறிமுகமாகவில்லை, அவ்வளவுதான்.

வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்துக்கூட்டும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கி வருவது என்று 1986-ல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் நம் மொழிக்கு இது மிகப் பொருந்தும்.

அதனால் தினமும் வாசித்துக் காட்டுங்கள். கதையைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லாமல், எழுதியிருப்பதை அப்படியே வாசியுங்கள். புரியாத இடத்தில் மட்டும் நிறுத்தி, “வந்துவிட்டான்னா, வந்துட்டான்” என்று பேச்சில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். வரிக்குக் கீழே விரலை ஓட்டுங்கள். இடமிருந்து வலம், வரி முடிந்தால் கீழே, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி என்பதெல்லாம் பாடம் நடத்தாமலேயே பிடிபடும். ஒரே புத்தகத்தை நாற்பதாவது தடவை கேட்டாலும் வாசியுங்கள். அந்த நாற்பது தடவையும் வீணில்லை. நடுநடுவே “அடுத்து என்ன ஆகும்?”, “அது ஏன் அழுதுச்சு?” என்று கேளுங்கள், ஆனால் பரீட்சை மாதிரி வேண்டாம்.

மூன்றாம் படி: முதல் எழுத்துகள், முதல் சொல்

ப, ட, ம, ர. இந்த நான்கோடு புள்ளி வைத்த ம், ட். இவ்வளவு போதும் தொடங்க. படம், மரம், பட்டம், மட்டம் என்று சொற்கள் வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவு அட்டையில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். நாளுக்கு ஓர் எழுத்து; அல்லது இரண்டு நாளைக்கு ஒன்று.

எழுத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், ஒலியைச் சொல்லுங்கள். ‘ஆனா, ஆவன்னா’, ‘பானா’ என்று பழகிய குழந்தை, சொல்லைக் கூட்டும்போது அந்த ‘னா’வைக் கழித்துவிட்டுக் கூட்ட வேண்டியிருக்கிறது. அ என்பது ‘அ’தான். ப என்பது ‘ப’தான்.

இனி, என் மகளைத் தடுக்கி விழவைத்த ‘இம்’. மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிக்க முடியாது என்பதால் ‘இக், இங், இச்’ என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். இலக்கணத்துக்கு அது வசதி. ஆனால் வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அந்த ‘இ’ பெரிய முட்டுக்கட்டை. ‘பக்கம்’ என்பதை “ப-இக்-க-இம்” என்று சொல்லிவிட்டு அதிலிருந்து பக்கத்தைக் கண்டுபிடிக்க எந்தக் குழந்தையால் முடியும்? புள்ளி எழுத்தைத் தனியாக நிறுத்தாதீர்கள். அது முன்னால் இருக்கும் எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்லுங்கள். ‘ப’ அட்டைக்குப் பக்கத்தில் ‘ட்’ அட்டையை நகர்த்தும்போதே “பட்” என்று ஒரே மூச்சில் சொல்லிக் காட்டுங்கள். பட்-டம். மட்-டம். ‘ம’வை இழுத்து, ‘ர’வோடு ‘ம்’மைச் சேர்த்து, ம-ரம். இந்த ஒரு மாற்றத்தில் மகளுக்கு இரண்டே நாளில் ‘மரம்’ பிடிபட்டது. “மரம்! அந்த மரம்!” என்று அவள் ஜன்னலைக் காட்டிய முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்து க, ல, த, வ, ச, ன, ந ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கல், பல், கடல், பகல், வட்டம், கட்டம், சட்டம், தவம் என்று சொற்கள் பெருகும். உயிர் எழுத்துகளையும் வரிசையாகக் கொடுக்காமல், சொல்லுக்குத் தேவைப்படும்போது கொடுங்கள். அ வந்தால் அவன், அவள், அப்பம். ஆ வந்தால் ஆடல், ஆரம். (‘அவள்’ வேண்டுமென்றால் ள்-ஐயும் அப்போதே அறிமுகப்படுத்திவிடலாம், தவறில்லை.)

நான்காம் படி: கால் போட்டால் நீளும்

முதலில் கற்றுத்தர வேண்டிய குறி துணைக்கால். வடிவம் எளிது, பயனோ அதிகம். கல்–கால், பல்–பால், படம்–பாடம் என்று ஜோடி ஜோடியாக எழுதி, காலை மட்டும் தனி அட்டையில் வைத்து, சேர்ப்பதும் எடுப்பதுமாக விளையாடுங்கள். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை இழுத்து ஒரு தடவல். குறில் நெடில் வேறுபாடு தமிழில் பொருளையே மாற்றிவிடும் என்பதால் இங்கே அவசரப்படாதீர்கள். பின்னால் விடு–வீடு, எடு–ஏடு, கொடு–கோடு வரும்போது இதே விளையாட்டு மறுபடி உதவும்.

துணைக்காலோடு முதல் வாக்கியமும் வந்துவிடும். “மாமா வா.” “தாத்தா, படம் தா.” ஒரு தாளில் எழுதி, வாசித்தவுடன் உண்மையிலேயே யாராவது வரட்டும், படத்தை எடுத்துக் கொடுக்கட்டும். எழுதியது நடக்கிறது என்பதைவிடப் பெரிய தூண்டுதல் வேறு இல்லை.

ஒரு சிக்கல்: துணைக்காலும் ‘ர’வும் குழந்தையின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ‘காரம்’ என்ற சொல்லில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். ‘ர’வின் அடியில் சாய்ந்த ஒரு கோடு இருப்பதை விரலால் தடவிக் காட்டுங்கள். தொடக்க காலப் புத்தகங்களில் அந்தச் சாய்கோடு தெளிவாகத் தெரிகிற எழுத்துருவாகப் பார்த்து எடுங்கள்.

ஐந்தாம் படி: மற்ற குறிகள்

இகரமும் ஈகாரமும் எளிது. கொக்கி மேலே ஏறினால் கி, அதில் சுழி விழுந்தால் கீ. டி, டீ மட்டும் ஒட்டும் விதத்தில் கொஞ்சம் மாறும்.

உகரம் அப்படி அல்ல. இதை ஒரே குறியாகச் சொல்லித்தர முடியாது, குடும்பம் குடும்பமாகப் பிரித்துவிடுங்கள். சு, பு, யு, வு ஆகியவற்றுக்குக் கீழே ஒரு கோடு இறங்கும். து, நு, ணு, லு, று, னு ஆகியவற்றில் அடியிலிருந்து ஒரு கோடு சுற்றி மேலே ஏறும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வடிவத்தோடு வளைந்துகொள்ளும். வாரத்துக்கு ஒரு குடும்பம் போதும். ஊகாரத்தை அதற்கு அடுத்த மாதம் பார்க்கலாம். நிறையப் பிள்ளைகள் களைத்துப்போவது இங்கேதான். அதனால் இந்த நாட்களில் தெரிந்த சொற்களையே அதிகம் வாசிக்கக் கொடுத்து, புதியதைக் கொஞ்சமாக வையுங்கள்.

அடுத்தது கொம்பு. ‘கெ’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. காதுக்கு முதலில் கேட்பது க. பார்க்கும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் முரண்படுகின்றன. கணினியில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது தெரியும்: க-வை முதலில் அடித்து, பிறகு குறியை அடித்தால், கொம்பு தானாகப் போய் இடப்பக்கம் உட்காரும். குழந்தை அந்த வேலையைத் தன் மனத்தில் செய்யப் பழக வேண்டியிருக்கிறது. பழகும் வரை, கொம்பை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடும்; ‘கொடு’ என்பதை “கெரடு” என்றுகூட வாசிக்கும். அது கவனக்குறைவு இல்லை.

அட்டையைத்தான் இங்கேயும் நம்புகிறேன். ‘ப’வை வையுங்கள், “ப” என்று சொல்லட்டும். இப்போது கொம்பு அட்டையை இடப்பக்கமிருந்து நகர்த்திக் கொண்டுவந்து ஒட்டுங்கள், “பெ”. வலப்பக்கம் கால் வந்து சேர்ந்தால் “பொ”. கொம்பைச் சுழித்தால் “பே”, “போ”. நாலைந்து நாள் இந்த விளையாட்டுக்குப் பிறகு, “கொம்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு அடுத்த எழுத்தைப் பார்” என்ற ஒரே வரியைச் சொல்லிக் கொடுத்தேன். என் மகன் கொம்பு வரும் இடமெல்லாம் உதட்டை இறுக மூடிக்கொள்வான். அப்படியே பழகிவிட்டது.

ஔகாரத்துக்கு அவசரமே இல்லை. வரும்போது வரட்டும்.

வீட்டில் பழைய புத்தகங்கள் இருந்தால் ஒரு குறிப்பு. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முந்தைய அச்சில் இவை வேறு மாதிரி இருக்கும். குழந்தை சரளமாக வாசிக்கும்வரை அந்தப் புத்தகங்களை நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

ஒரே எழுத்து, பல ஒலி

‘காகம்’ என்ற சொல்லில் இரண்டு க இருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. தங்கம் என்பதில் அது மூன்றாவது ஒலி. பல்–அம்பு, தலை–பந்து, பச்சை–பஞ்சு என்று வல்லின எழுத்துகள் எல்லாமே இடத்துக்கு ஏற்ப மாறுகின்றன. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். சொல் என்னவென்று புரிந்த கணத்தில் நாக்கு தானே சரியாகப் புரளும். வீட்டில் வேறு மொழி அதிகம் பேசும் குழந்தைக்கு மட்டும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: மூக்கொலி எழுத்துக்குப் பின்னால் வந்தால் மென்மை, இரட்டித்து வந்தால் அழுத்தம்.

ன–ண–ந, ல–ள–ழ, ர–ற குழப்பத்தை இப்போது தீர்க்க முயலாதீர்கள். வாசிக்கும்போது இவை பெரிய தடை ஆகா, எழுதும்போதுதான் தொல்லை. ஒன்று மட்டும் விளையாட்டாகக் காட்டலாம்: ண் போனால் கூடவே ட வரும், ந் போனால் த வரும், ன் போனால் ற வரும். வண்டு, பந்து, கன்று. இந்த ஜோடிகள் பிரிவதே அபூர்வம்.

ஆறாம் படி: நீளமான சொற்கள்

எழுத்தெல்லாம் தெரிந்த பிறகும் குழந்தை தமிழ்ப் பக்கத்தைக் கண்டு மிரளுவது சொற்களின் நீளத்தால். ‘மரங்களிலிருந்து’, ‘ஓடிக்கொண்டிருந்தான்’. நம் மொழியில் வேற்றுமையும் காலமும் எல்லாம் சொல்லின் வாலில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. எனவே வால்களை அறிமுகப்படுத்துங்கள். மரம், மரத்தை, மரத்தில், மரத்துக்கு, மரங்கள் என்று ஒரே சொல்லை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வாலை விரலால் மறைத்துவிட்டு முதலில் தலையை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு விரலை எடுங்கள். ‘கொண்டிருந்தான்’, ‘விட்டது’, ‘லிருந்து’ போன்றவை சில வாரங்களில் ஒரே பார்வையில் பிடிபடும் துண்டுகளாகிவிடும். கண் அப்போதுதான் எழுத்திலிருந்து சொல்லுக்குத் தாவுகிறது.

சரளம் வர, ஒரே பக்கத்தை மூன்று நான்கு நாள் தொடர்ந்து வாசிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முதல் நாள் திக்கும், நான்காம் நாள் கதை சொல்வதுபோல் வரும். ஒரு வரி நீங்கள், ஒரு வரி அவர்கள் என்று மாற்றிக்கொள்ளலாம்.

தவறினால் என்ன செய்வது

முதலில், காத்திருங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் குழந்தை தானே திருத்திக்கொள்ளும். நாம்தான் முந்திக்கொண்டு கெடுக்கிறோம். திருத்தவில்லை என்றால் “தப்பு” என்று சொல்லாமல், தடுமாறிய எழுத்தை மட்டும் தொட்டுக் காட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். ஒரு பக்கத்தில் நான்கைந்து சொற்களுக்கு மேல் இடறினால் புத்தகம் கடினம். அதை நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வதை மட்டும் நான் ஊக்குவிப்பதில்லை. நாய் படத்துக்குக் கீழே ‘குட்டி’ என்று இருந்தால் “நாய்” என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கம், படம் குறைந்த புத்தகம் வரும்போது காலை வாரிவிடும். முதலில் சொல்லை வாசிக்கட்டும், பிறகு படத்தைப் பார்த்துச் சரிபார்க்கட்டும்.

அடுத்த குழந்தையோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். குழந்தையின் காதுபட உறவினரிடம் “இவன் இன்னும் வாசிக்க மாட்டேங்கறான்” என்பதும் அதில் சேரும்.

எந்தப் புத்தகம்

பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, சொற்களுக்கிடையே நல்ல இடைவெளி. இணையத்தில் 2015-ல் தொடங்கப்பட்ட ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் குழந்தைக் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டும் தரலாம். இன்னும் நல்ல புத்தகம் நீங்களே செய்வது. நான்கு தாளை மடித்துத் தைத்து, குழந்தை சொல்லும் வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள். படம் அது வரையட்டும். தான் சொன்னதையே வாசிக்கும்போது எந்தச் சொல்லும் அந்நியமாக இருக்காது.

எப்போது கவலைப்பட வேண்டும்

எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவதும், நேற்று தெரிந்ததை இன்று மறப்பதும் ஆறேழு வயது வரை சாதாரணம். ஆனால் மாதக்கணக்கில் ஒழுங்காகப் பழகியும் ஏழு வயதில் சில எழுத்துகளே நிலைக்கின்றன, எதுகையோ முதல் ஒலியோ காதில் பிடிபடவே இல்லை, வீட்டில் வேறு யாருக்காவது வாசிப்பில் இந்தச் சிரமம் இருந்திருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு குழந்தை மருத்துவர் வழியாகச் சிறப்புக் கல்வியாளரைப் பாருங்கள். டிஸ்லெக்சியா எனப்படும் இந்த வாசிப்புச் சிரமம் அறிவுக் குறைவு அல்ல, சோம்பலும் அல்ல. சரியான பயிற்சி சீக்கிரம் தொடங்கினால் அந்தக் குழந்தையும் வாசிக்கும்.

தானாக வாசிக்கத் தொடங்கிய பிறகு

பலர் அன்றோடு வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். குழந்தையின் கண் வாசிக்கக்கூடிய கதைகள் இன்னும் சில ஆண்டுகளுக்குச் சின்னதாகவே இருக்கும். காது புரிந்துகொள்ளும் கதைகளோ அதைவிடப் பெரியவை. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இரவில் ஒரு புத்தகத்தை அவள் எனக்கு வாசிக்கிறாள், இன்னொன்றை நான் அவளுக்கு வாசிக்கிறேன். அவளுடையது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். என்னுடையது அத்தியாயம் அத்தியாயமாக மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.